காற்றை அளந்த அறிஞர்

உண்ணும் சோற்றில் கல் இருப்பின் பல் அறிந்து கொள்கின்றது. பருகும் நீர் கலங்கியிருப்பின் கண் அறிந்து கொள்கின்றது. ஆனால் மூச்சாக உட்கொள்ளும் காற்றுக் கெட்டிருப்பதை அறிதல் அத்துணை எளிதன்று. அடைத்த அறை ஒன்றில் பலர் நெடுநேரம் அமர்ந்திருந்தால் அங்குள்ள காற்றுச் சிறிது சிறிதாகக் கெடுகின்றது. உள்ளே இருப்போர் அம்மாறுதலோடு தாமும் பழகிவிடுகின்றனர். தலை கனக்கின்றது, கண் அயர்கின்றது, கருத்துச் சிதறுகின்றது, காரணம் மட்டும் புலப்படுவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவர் கதவைத் திறந்ததும் முகம் சுளிக்கின்றார். அப்பொழுதுதான் உள்ளே இருப்போர்க்கு உண்மை விளங்குகின்றது.

புலன்களுக்கு எளிதில் எட்டாத இக்கேட்டினை எண்ணால் அளந்து உலகிற்குக் காட்டிய பெருமகனார் மாக்ஸ் வான் பெட்டன்கோபர் என்பவர். சுகாதாரம் என்பதை ஒரு தனி அறிவியலாக வளர்த்த முன்னோருள் இவர் தலைசிறந்தவர். பள்ளியறையின் காற்று எவ்வளவு தூயதாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு இவர் வகுத்த அளவு இன்றும் உலகில் வழங்கி வருகின்றது.

இளமை

பவேரியா என்பது இன்று ஜெர்மனியின் ஒரு மாநிலம். முன்னாளில் அது மன்னராட்சிக்கு உட்பட்ட தனி நாடாய் இருந்தது. அந்நாட்டில் டான்யூப் ஆற்றின் கரையிலுள்ள நாய்பர்க் நகருக்கு அண்மையில் லிக்டன்ஹைம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1818ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பெட்டன்கோபர் பிறந்தார். உடன்பிறந்தார் பலர், குடும்பத்தின் வருவாயோ சிறிது. தந்தையாருடன் பிறந்த ஒருவர் மியூனிக் நகரில் அரண்மனை மருந்தகத்தின் தலைவராய் இருந்தார். அவர் சிறுவனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார்.

இளைஞர் பெட்டன்கோபர் கூரிய அறிவும், விரைந்து சினக்கும் இயல்பும் உடையவர். ஒருகால் தம்மை வளர்த்தவரோடு மாறுபட்டு வீட்டை விட்டு வெளியேறினார். ஆக்ஸ்பர்க் நகரை அடைந்து, பெயரை மாற்றிக்கொண்டு நாடக மேடை ஏறினார். அவ்வாழ்வு நீடிக்கவில்லை. உறவினரின் மகளாகிய ஹெலன் என்னும் நங்கை அவரைத் தேற்றி, மீண்டும் கல்வியில் புகுமாறு செய்தார். அந்நங்கையே பின்னர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் ஆனார்.

1843ஆம் ஆண்டில் பெட்டன்கோபர் மருத்துவத்திலும் மருந்து இயலிலும் தேர்ச்சி பெற்றார். பின்னர்க் கீசன் நகரில், வேதியியலில் பெரும்புகழ் பெற்றிருந்த லீபிக் என்பாரிடம் பயின்றார். 1845ஆம் ஆண்டில் மியூனிக் நாணயச் சாலையில் வேலை கிடைத்தது. பழைய வெள்ளி நாணயங்களில் மறைந்திருந்த சிறிதளவு பொன்னையும் பிளாட்டினத்தையும் பிரித்தெடுக்கும் வழிகளை அங்கே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத சிறு பங்கினையும் நிறுத்தும் அளந்தும் காணும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது. 1847ஆம் ஆண்டில் அவர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1850ஆம் ஆண்டில் அரண்மனை மருந்தகத்தின் தலைமையும் அவரை வந்தடைந்தது.

அரண்மனைக் கணப்பு

குளிர்நாட்டு மக்களுக்குக் கணப்பு இன்றியமையாதது. பனிக்காலத்தில் அறைக்குள் தீ வளர்க்காவிடில் அங்கே வாழ்தல் இயலாது. பெரும்பாலான வீடுகளில் அறைதோறும் ஓர் அடுப்பு இருக்கும். அரண்மனை போன்ற பெரிய மனைகளிலோ வேறொரு முறையும் வழக்கிற்கு வந்திருந்தது. கீழ்த்தளத்தில் காற்றைச் சூடாக்கிக் குழாய்களின் வழியே மேலறைகளுக்குச் செலுத்துவர். இவ்வாறு சூடேறிய காற்று வறண்டு துன்புறுத்துகின்றது என்னும் முறையீடு எழுந்தது. அதனை ஆராயும் பணி பெட்டன்கோபரிடம் வந்தது. அவ்வாராய்ச்சியின் முடிவை அவர் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

குளிர்ந்த காற்று மிகச் சிறிதளவு நீராவியையே தாங்க வல்லது. அதனைச் சூடாக்கி அறைக்குள் செலுத்தினால், அது சுவரிலும் பொருள்களிலும் மேனியிலும் உள்ள ஈரத்தைக் கவர்கின்றது. செலுத்தும் காற்று மிகுந்தோறும் வறட்சியும் மிகும். ஆகவே ஒரு கணப்பின் தன்மையை அறிய வேண்டின், அது தரும் சூட்டை மட்டும் கருதினால் போதாது. மணிக்கு எவ்வளவு காற்று அறைக்குள் புகுந்து வெளியேறுகின்றது என்பதனையும் அறிதல் வேண்டும். அதனை எவ்வாறு அளப்பது? இவ்வினாவே பெட்டன்கோபரை ஒரு புதிய துறைக்கு அழைத்துச் சென்றது.

காற்றுக்கு ஓர் அளவுகோல்

நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு மிகுந்திருக்கின்றது. அடைத்த அறையில் மக்கள் சோர்வதற்கு அவ்வாயுவே காரணம் என்றும், உயிர்வளி குறைந்து போவதே காரணம் என்றும் அந்நாளில் பலர் கருதினர். பெட்டன்கோபர் அளந்து பார்த்தார். நெரிசலான அறையிலும் உயிர்வளியின் குறைவு மிகச் சிறிதாகவே இருந்தது. அங்குக் காணப்பெற்ற கரியமில வாயுவும் தானாகவே பெருந்தீங்கு செய்யும் அளவினதாய் இல்லை. ஆயினும் அறைக்காற்று அருவருப்பைத் தந்தது. மக்களின் மூச்சிலிருந்தும் மேனியிலிருந்தும் வெளிப்படும் வேறு பல கழிவுகள் அக்காற்றில் கலந்திருத்தலே அதற்குக் காரணம் என்று அவர் கொண்டார்.

அக்கழிவுகளைத் தனித்தனியே அளக்க அந்நாளில் வழியில்லை. ஆனால் அவை கூடும்பொழுது கரியமில வாயுவும் உடன் கூடுகின்றது. அதனையோ அளக்க இயலும். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போலக் கரியமில வாயுவைக் கொண்டு காற்றின் கேட்டினை அறியலாம் என்று அவர் கண்டார். இதுவே அவருடைய தலையாய கருத்து.

அளக்கும் முறையும் எளியதே. கொள்ளளவு தெரிந்த பெரிய கண்ணாடிக் குடுவையில் அறைக்காற்றை நிரப்புவர். அதனுள் பேரியம் கலந்த தெளிநீரை வார்த்துக் குலுக்குவர். கரியமில வாயுவை உட்கொண்ட நீர் வெண்மையாய்க் கலங்கும். அந்நீரின் காரத்தன்மை எவ்வளவு குறைந்தது என்பதை ஓர் அமிலத்தின் துணையால் கணக்கிட்டால், காற்றிலிருந்த வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

1858ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மக்கள் நெடுநேரம் தங்கியிருக்கும் அறையின் காற்றில், ஆயிரம் பங்கிற்குக் கரியமில வாயு ஒரு பங்கிற்கு மேல் இருத்தல் ஆகாது என்று வரையறுத்தார். அவ்வெல்லையைக் கடந்த காற்று, வெளியிலிருந்து வருவோர்க்கு வெறுப்பைத் தருவதை அவர் பலகாலும் கண்டிருந்தார்.

பள்ளியறையின் நிலை

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு அவர் பலவகை அறைகளையும் ஆராய்ந்தார். மாணவர் நிறைந்த பேருரைக் கூடம் ஒன்றில் ஆயிரத்திற்கு மூன்று பங்கிற்கு மேல் இருந்தது. பலர் கூடி மது அருந்தும் விடுதியில் ஏறத்தாழ ஐந்து பங்கு இருந்தது. பள்ளிச் சிறார் அமர்ந்திருந்த வகுப்பறையிலோ ஏழு பங்கிற்கும் மேல் இருந்தது! வளரும் குழந்தைகள் அறிவு பெறுதற்கென்று சென்று அமரும் இடத்தின் காற்று, மது விடுதியின் காற்றினும் கெட்டிருந்தது.

இதற்கு எவரையும் கொடியவர் என்று பழித்தல் பொருந்தாது. குளிர்காலத்தில் சாளரத்தைத் திறந்தால் சூடு வெளியேறும். சூடு வெளியேறினால் விறகின் செலவு மிகும். ஆகவே பள்ளியினர் சாளரங்களை இறுக அடைத்தனர். சூட்டினைக் காத்தனர், காற்றினை இழந்தனர். இவ்விரண்டில் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குதல் தகாது என்பது பெட்டன்கோபரின் முடிவு. இளைஞர்கள் தம் நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைப் பள்ளியில் கழிக்கின்றனர். அங்குள்ள காற்றை ஆயிரத்திற்கு ஒன்று என்னும் எல்லைக்குள் காத்துவரின் அவர்களுடைய உடல்நலம் பெரிதும் உறுதிப்படும் என்று அவர் வலியுறுத்தினார்.

அவர் வகுத்த அளவின் பொருளை நாமே ஒரு கணக்கால் அறியலாம். அமைதியாய் அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகின்றார். இன்றைய வெளிக்காற்றில் அவ்வாயு ஆயிரத்திற்கு ஏறத்தாழ 0.4 பங்கு உள்ளது. எல்லையோ ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு கன மீட்டர் புதுக்காற்றும் 0.6 லிட்டர் வாயுவையே ஏற்றுக்கொள்ள இயலும். 18 லிட்டருக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பிற்கு 1200 கன மீட்டர் தேவை. வகுப்பறையின் கொள்ளளவு 200 கன மீட்டராயின், அங்குள்ள காற்று முழுதும் மணிக்கு ஆறு முறை மாறுதல் வேண்டும். சிறுவர்க்கு இவ்வளவு சற்றுக் குறையலாம். எனினும் காலையில் ஒருமுறை சாளரத்தைத் திறந்து மூடிவிட்டால் போதும் என்று எண்ணுதல் எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

காற்று நுழையும் வழி

பெட்டன்கோபர் தம் படிப்பறையையே ஆராய்ச்சிக் கூடமாக்கினார். அவ்வறையின் கொள்ளளவு 75 கன மீட்டர். அதனுள் கரியமில வாயுவைச் செயற்கையாய் உண்டாக்கி நிரப்பி, அது எவ்வளவு விரைவாகக் குறைகின்றது என்பதை அளந்தார். அதனால் மணிக்கு எவ்வளவு வெளிக்காற்றுப் புகுகின்றது என்பது தெரிந்தது.

உள்ளும் புறமும் 19 பாகை வெப்ப வேறுபாடு இருந்த குளிர்நாளில், கதவும் சாளரமும் மூடியிருந்தும் 75 கன மீட்டர் காற்று மாறியது. இடுக்குகளையெல்லாம் தாளால் ஒட்டி அடைத்த பின்னரும் 54 கன மீட்டர் மாறியது. வெப்ப வேறுபாடு 4 பாகையாய்க் குறைந்த நாளில் 22 கன மீட்டர் மட்டுமே மாறியது. அந்நாளில் சாளரத்தின் ஒரு கதவைத் திறந்து வைத்தபொழுதும் அது 42 கன மீட்டரைத் தாண்டவில்லை. சூடான காற்று இலேசாகி மேலெழுவதும், குளிர்ந்த காற்று அதனிடத்தில் புகுவதுமே காற்றோட்டத்திற்குப் பெருந்துணை என்பது இதனால் தெளிவாயிற்று. சாளரம் திறந்திருப்பதனால் மட்டும் காற்றுப் போதிய அளவு மாறிவிட்டது என்று கொள்ளுதல் கூடாது. அளந்து அறிதல் வேண்டும்.

இடுக்குகளை அடைத்த பின்னும் காற்றுப் புகுந்தது எவ்வழி? சுவரின் நுண்துளைகள் வழியே என்று அவர் முடிவு செய்தார். செங்கல்லின் ஒரு பக்கத்தில் ஊதி, மறுபக்கத்தில் எரியும் மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பெற்ற அளவைகள், பூச்சு அமைந்த சுவரின் வழியே காற்றுப் புகுவது மிக மிகச் சிறிது என்று காட்டின. அவர் கண்ணுக்குத் தப்பிய வேறு வழிகளில் காற்றுச் சென்றிருத்தல் வேண்டும். அவர் கண்ட எண்கள் நின்றன; அவர் கூறிய காரணம் நிற்கவில்லை.

காற்றோட்டம் எல்லாக் குற்றங்களையும் நீக்கிவிடும் என்றும் அவர் கருதவில்லை. அறைக்குள் குப்பையைக் குவித்து வைத்துக்கொண்டு காற்றை வீசச் செய்தல் அறியாமை என்பது அவர் கொள்கை. முதலில் அழுக்கின் தோற்றுவாயை அகற்றுதல் வேண்டும். தூய்மையால் நீக்க இயலாதவை மூச்சும் வியர்வையும் போன்றன. அவற்றை நீக்குதற்கே காற்றோட்டம் உரியது.

பெருமையும் பிழையும்

1865ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத்திற்கென்று தனிப் பேராசிரியர் பதவி தோன்றியது. பெட்டன்கோபரே அதனை முதன்முதல் அணி செய்தார். 1879ஆம் ஆண்டில் அத்துறைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே திறக்கப்பெற்றது. நகரத்தின் கழிவுநீரை ஒழுங்காக அகற்றவும், மலைப்பாங்கிலிருந்து தூய நீரைக் கொணரவும் அவர் ஓயாது முயன்றார். அதன் பயனாக மியூனிக் நகரில் குடற்காய்ச்சலின் கொடுமை பெரிதும் தணிந்தது. 1883ஆம் ஆண்டில் அரசு அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கியது.

இத்துணைப் பெருமை வாய்ந்தவரும் ஒரு துறையில் பெரிதும் பிழைபட்டார். காலரா என்னும் வாந்திபேதி நோய்க்கு, மண்ணின் ஈரமும் அதிலிருந்து எழும் நச்சுமே தலைமையான காரணம் என்று அவர் நம்பினார். இராபர்ட் காக் என்னும் அறிஞர் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டு, அது நீர்வழிப் பரவுவதை எடுத்துரைத்தார். பெட்டன்கோபர் அதனை ஏற்கவில்லை. தம் கொள்கையை நிலைநாட்டுதற்பொருட்டு, 1892ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், தமது எழுபத்து மூன்றாம் வயதில், அந்நுண்ணுயிர்கள் கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாள் வயிற்றுப்போக்கினால் வருந்தினாரேனும் உயிர் பிழைத்தார். தம் கொள்கை வென்றது என்றும் எண்ணினார்.

ஆனால் அவ்வாண்டிலேயே ஹாம்பர்க் நகரில் காலராவால் எண்ணாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரத்தார் ஆற்று நீரை வடிகட்டாமல் பருகியவர்கள். அடுத்திருந்த ஆல்டோனா நகரத்தார் வடிகட்டிய நீரைப் பருகியமையால் பெரும்பாலும் தப்பினர். காக் கூறியதே உண்மை என்பது உறுதியாயிற்று. நுண்ணுயிர் உடலில் புகுந்தோர் அனைவருமே கடுநோய் எய்துவதில்லை. பெட்டன்கோபர் பிழைத்தது அவ்வாறே. ஒருவர் தம் உயிரையே பணயம் வைத்தாலும், அதனால் பிழையான கருத்து மெய்யாகிவிடாது.

1894ஆம் ஆண்டில் அவர் பேராசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றார். மனைவியாரையும் மக்கள் சிலரையும் இழந்த துயரமும், முதுமையின் தளர்ச்சியும் அவரை வாட்டின. 1901ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவர் மியூனிக் நகரில் உலக வாழ்வை நீத்தார். அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் அந்நகரில் இன்றும் விளங்குகின்றது.

நிலைத்து நிற்கும் தொண்டு

மண்ணைப் பற்றி அவர் கூறியது மறைந்தது. சுவரைப் பற்றி அவர் கூறியது மாறியது. காற்றிற்கு அவர் வகுத்த அளவு மட்டும் நிலைத்தது. அவர் ஆயிரத்திற்கு ஒன்று என்றதையே இன்று பத்து இலட்சத்திற்கு ஆயிரம் என்று கூறுகின்றனர். ஜெர்மானிய அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியும், ஆயிரத்திற்கு உட்பட்டதை நன்று என்றும், இரண்டாயிரத்தைக் கடந்ததை ஏற்கத்தகாதது என்றும் வகுத்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபொழுது, குளிர்காலத்திலும் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை வகுப்பறைச் சாளரங்களை நன்கு திறந்து சில நிமிடம் காற்றை மாற்றுமாறு அந்நிறுவனம் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. பேரியம் கலந்த நீரும் குடுவையும் செய்த வேலையை, இன்று சுவரில் தொங்கும் சிறு கருவி நொடிப்பொழுதில் செய்கின்றது.

இக்காலத்துப் பெரிய பள்ளிகள் பலவற்றில் காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் மாற்றவும் பொறிகள் உள்ளன. பொறி சுழலும் ஒலி கேட்பதனாலேயே காற்று மாறுகின்றது என்று நம்புதல் கூடாது. வடிகட்டியில் தூசி அடைந்தாலும், காற்றுப் புகும் வாயில் அடைபட்டாலும் விசிறி சுழன்று கொண்டே இருக்கும், காற்றோ வாராது. வெளிக்காற்றை ஏற்காமல், உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தரும் பொறிகளும் உண்டு. எரியும் அடுப்பின் புகைபோக்கி அடைபட்டாலோ உயிர்க்கே கேடு விளையும். ஆகவே உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றுதலும், குழாய்களைத் துடைத்தலும், புகைபோக்கியைத் தூய்மை செய்தலும், கருவியால் அளந்து பார்த்தலும் இன்றியமையாத கடமைகள் ஆகும். ஒருமுறை செய்து விட்டுவிடும் பணிகள் அல்ல இவை. நாள்தோறும் கருத்திற்கொள்ள வேண்டியவை. இவற்றைச் செய்யும் பணியாளரின் தொண்டு ஆசிரியரின் தொண்டிற்குத் துணையாவது.

தாம் அளந்து கண்ட இடத்தில் பெட்டன்கோபர் வென்றார். அளவினைக் கடந்து தம் கருத்தையே பற்றி நின்ற இடத்தில் தோற்றார். அவர் வெற்றியும் தோல்வியும் நமக்கு ஒன்றனையே கற்பிக்கின்றன. நம்புவதற்கு முன் அளந்து பார்த்தல் வேண்டும். வகுப்பில் தலை கனக்கும்பொழுது பாடத்தையோ ஆசிரியரையோ நொந்துகொள்ளுமுன், எழுந்து சாளரத்தைத் திறந்து பார்ப்போமாக.